சும்மா கிடைக்கும் கூரைக்குக் கையெழுத்துப் போடலாமா?

(ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. வரமுடியாமல் போனவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் விசயத்துக்கு வருகிறேன். மேல் டிவிசன் லயங்களுக்கு அரசாங்கப் பணத்தில் பழைய தகரத்தை மாற்றி, அதுக்கு அடியில் வெள்ளித்தாளும் சீலிங்கும் அடித்துக் குளிர் தாங்குகிற கூரையாகப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காசு கேட்கவில்லை. பாரம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று ரெண்டு கிழமையாகப் பீலியடியிலும் கொழுந்து மடுவத்திலும் ஒரே பேச்சு.

கூரையைப் போட்டுட்டா தனிவீட்டு லிஸ்டில் இருந்து பேரை வெட்டிடுவாங்க என்கிறார் ஒரு அண்ணன். சும்மா தர்றாங்கன்னா அதுக்குள்ள ஏதோ இருக்கு என்கிறார் ஒரு அக்கா. குடுக்கிறதை வாங்கிப் போடுங்க, பிறகு பார்த்துக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். மூன்று பேரையும் நான் பிழை சொல்லமாட்டேன். மூன்று பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதலில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வெட்கம்தான். ஆனாலும் சொல்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த இரண்டாவது வருசம். வேறொரு தோட்டம். அங்கேயும் ஒரு நிறுவனம் லயத்துக்குச் சும்மா கூரைச் சீட் தருவதாக வந்தது. அப்போ எனக்கு இருபத்தைந்து வயசு. ஓ.எல். பாஸ் பண்ணின தைரியம், புதுச் சப்பாத்து, கையில ஒரு பைல். லயத்து வாசல் வாசலாகப் போய், "போடுங்கம்மா கையெழுத்து, சும்மா கெடைக்குது" என்று ஒரே நாளில் பன்னிரண்டு காம்பராவிலும் வாங்கப் பார்த்தேன். பதினொன்று கிடைத்தது. கடைசிக் காம்பராவில் ஒரு பாட்டி இருந்தாங்க. வேலையை விட்டு வீட்டோடு இருந்தவங்க. பாரத்தைக் கையில் வாங்கவே இல்லை. "தம்பி, ஆணி யாரு வாங்குறது?" என்று கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீட்டே தர்றாங்க பாட்டி, ஆணி தரமாட்டாங்களா?" என்றேன்.

தரவில்லை. சீட் மட்டும்தான் வந்தது. லொறிக்காரன் பெரிய ரோட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். அங்கிருந்து லயம் வரைக்கும் தலையிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு போனது நம்ம ஆட்கள். பழைய கூரையைப் பிரித்தபோது மரமெல்லாம் உக்கிப் போயிருந்தது. புது மரம், ஆணி, பாஸுக்குக் கூலி எல்லாம் ஆட்கள் தலையில் விழுந்தது. அந்த வருசத் தீபாவளி முற்பணம் கூரைக்குப் போனது. தோட்டை அடகு வைத்த வீடும் உண்டு. பிள்ளைகளுக்குப் புது உடுப்பு இல்லாத தீபாவளி அது.

பாட்டியின் காம்பரா மட்டும் பழைய தகரத்தோடு நின்றது. அத்தோடு முடிந்ததா? புதுச் சீட்டும் பழைய தகரமும் சேருகிற இடம் பொருந்தவில்லை. மழை பேய்ந்தால் தண்ணீர் நேரே பக்கத்து வீட்டு அரிசிப் பெட்டிக்குள் இறங்கும். பக்கத்து வீட்டு அக்கா பாட்டியோடு ஒரு வருசம் பேசவில்லை. என்னோடு அதற்கு மேலேயும் பேசவில்லை. பாட்டி கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேடிக் கொண்டுவந்து குடுத்திருந்தால், லயமே சேர்ந்து ஆணிக்கும் மரத்துக்கும் கேட்டிருக்கலாம், பாட்டியும் போட்டிருப்பாங்க. நான் சிரித்துவிட்டுப் போனேன்.

ஆகவே இன்றைக்கு யாரிடமும் கையெழுத்து வாங்கமாட்டேன். பாரம் இந்தப் பைலுக்குள்ளேயே இருக்கும்.

குளிரைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஆயிரம் அடி மேலே ஏறினால் ஏறக்குறைய ரெண்டு பாகை சூடு குறையும் என்பார்கள். நுவரெலியா டவுன் 6,100 அடிக்கு மேலே இருக்கிறது. தை மாசத்தில் சில நாள் விடியற்காலையில் புல்லு வெள்ளையாகக் கிடக்கும். கொழும்பில் இருந்து வருகிறவர்கள் அதைப் போட்டோ பிடிக்கிறார்கள். நமக்கு அது விடிய நாலு மணிக்குப் பிள்ளையின் கம்பளி நனைந்திருக்கிற குளிர்.

கம்பளி ஏன் நனைகிறது? கூரை ஒழுகுது என்று சொல்கிறோம். மழையே இல்லாத இரவிலும் சொட்டுகிறதே. எங்க அம்மா "தகரம் வேர்க்குது" என்பாங்க. அதுதான் சரியான சொல். ஒரு காம்பராவுக்குள் ஆறு பேர் மூச்சு விடுகிறோம். கேத்தல் கொதிக்கிறது. மலையில் நனைந்த படங்கும் உடுப்பும் அடுப்புக்கு மேலே காய்கிறது. அந்த ஈரமெல்லாம் சூட்டுக் காற்றோடு மேலே போகிறது. தகரமோ ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு ஜில்லென்று கிடக்கிறது. அதில் பட்டதும் ஈரம் தண்ணீராகிச் சொட்டுகிறது. புதுத் தகரமும் இதே மாதிரி வேர்க்கும். தகரத்தை மட்டும் மாற்றினால் மழை ஒழுக்கு நிற்கும், இந்தச் சொட்டு நிற்காது. சீலிங்கும் சேர்த்துத் தருகிறார்கள் என்பதால்தான் இந்தத் திட்டத்தை நான் பெரிதாக எடுத்துப் பேசுகிறேன்.

சீலிங் என்ன செய்யும்? கம்பளியை நினைத்துப் பாருங்கள். கம்பளிக்குள் அடுப்பு இல்லை. அதன் இழைகளுக்குள் அடைபட்ட காற்று நம்ம உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. சீலிங்குக்கு மேலே உள்ள இடைவெளியும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெள்ளித்தாளுக்கும் இடைவெளி வேண்டும். மினுங்குகிற பக்கத்துக்கு முன்னால் ரெண்டு விரல் காற்றாவது இருந்தால்தான் அது சூட்டைத் திருப்பும். தகரத்தோடு ஒட்ட வைத்து அமுக்கி அடித்தால் வெறும் மினுங்குகிற கடதாசிதான். இறப்பு ஓரத்தில் மேலே சேருகிற ஈரம் காய்வதற்குச் சின்ன வழி விட்டு, அதற்கு வலை அடிக்க வேண்டும். வலை இல்லாவிட்டால் முதலில் குடிபோவது எலிதான். பாஸ் வேலை செய்கிற அன்றைக்கு லயத்துக்கு ஒருவராவது வேலைக்குப் போகாமல் நின்று ஏணியில் ஏறிப் பாருங்கள். ஒரு பேர் போனாலும் பரவாயில்லை.

இனிச் சொல்லப்போவதைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பின்னால் பேசிக்கொண்டிருக்கிற தம்பிமார், நீங்களும்.

குளிர் நாளில் சட்டியில் தணல் அள்ளிக் காம்பராவுக்குள் வைக்கிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் கட்டாயம் வைக்கிறோம். எங்க வீட்டிலும் வைத்தார்கள். இவ்வளவு காலமும் நம்மைக் காப்பாற்றினது அந்த ஓட்டைக் கூரைதான். தணலில் இருந்து கார்பன் மொனொக்சைட் என்று ஒரு வாயு வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. முதலில் தலையிடிக்கும், மயக்கம் வரும், தூங்குகிறவன் எழும்பவே மாட்டான். தகர இடுக்கால் வெளியே போன அந்த வாயு, சீலிங் அடித்து, ஜன்னலையும் சாத்தி, சேலைத் துணியால் இடுக்கை அடைத்த காம்பராவில் எங்கே போகும்? குளிர் தாங்குகிற கூரை போட்ட அன்றைக்கே தணல் சட்டி வீட்டுக்கு வெளியே போக வேண்டும். இதில் "கொஞ்ச நேரம்தானே" என்ற பேச்சே கூடாது. வயசானவர்கள் கேட்கமாட்டார்கள், எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளை வைத்துச் சொல்லுங்கள்.

அதே போலத்தான் அடுப்படியும். புகை போக வழியில்லாமல் அடுப்படிக்குச் சீலிங் அடிக்கக் கூடாது. நமக்குப் பாதி இருமல் குளிரால் வருகிறது, மீதி விறகுப் புகையால் வருகிறது. குளிரை வெளியே தள்ளிவிட்டுப் புகையை உள்ளே பூட்டி வைத்தால் என்ன லாபம்? பாரத்தில் புகைபோக்கி இருக்கிறதா என்று ரெண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். ஒரு வரியும் இல்லை. இதைத்தான் முதலில் எழுதிக் கேட்கப் போகிறோம். புகைபோக்கி தரமுடியாது என்று சொன்னால், படுக்கிற காம்பராவுக்கு மட்டும் சீலிங் போதும், அடுப்படியை விட்டுவிடுங்கள் என்று சொல்வோம்.

லயத்தில் தீப்பிடித்தால் ஏன் முழு வரிசையும் போகிறது? பல லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. மேலே எல்லாம் ஒன்று. ஒரு வீட்டு வயரில் பொறி பறந்தால் தீ மேலாலேயே நடந்து போய்விடும். இப்போ சீலிங் வந்தால் வயர் எல்லாம் அதற்கு மேலே மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. எலி கடித்தாலும் தெரியாது. ஆகவே சீலிங் அடிக்க முதல் வயரைச் சரிபார்க்க வேண்டும், நடுச்சுவரைக் கூரை வரை கட்டி உயர்த்த முடியுமா என்றும் கேட்க வேண்டும். சீலிங்குக்கு என்ன சாமான் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். ரெஜிபோம் என்றால் மலிவு, பாரமில்லை, குளிரும் தாங்கும். ஆனால் தீப்பட்டால் உருகிக் கறுப்புப் புகையோடு எரியும். அடுப்புப் பக்கம் அதைக் கொண்டுவர விடாதீர்கள்.

கீழ் டிவிசன் ஆட்கள் சிலபேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் லயத்தில் அஸ்பெஸ்டோஸ் சீட். 1992ல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு பல இடங்களில் தகரத்தை எடுத்துவிட்டு அதைத்தான் போட்டார்கள். அன்றைக்கு அது பெரிய விசயம். தகரத்தைவிடச் சத்தம் குறைவு, சூடும் குளிரும் குறைவு. ஆனால் அஸ்பெஸ்டோஸ் தூசு சுவாசப்பைக்குள் போனால் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடனே வராது, இருபது முப்பது வருசம் கழித்துக்கூட வரும். உடையாமல் கூரையில் கிடக்கிற சீட்டைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். அதை அறுக்கும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், பாசியைக் கம்பி பிரஷால் தேய்க்கும்போதும் வருகிற தூசுதான் ஆபத்து. கழற்ற வேண்டி வந்தால் தண்ணீர் ஊற்றி நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். துண்டுகளைக் கோழிக்கூட்டுக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் கொண்டுபோகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2018 தொடக்கத்தில் இருந்து அஸ்பெஸ்டோஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நம்ம அரசாங்கம் திட்டம் போட்டிருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு பூச்சியைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம்ம தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டோஸ் விற்கிற நாடும் அதுதான். அரசாங்கம் அந்தக் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது, அந்த மாசமே தேயிலைத் தடையும் எடுபட்டது. நீங்கள் பறிக்கிற கொழுந்துக்கும் உங்கள் தலைக்கு மேலே உள்ள சீட்டுக்கும் அவ்வளவு தூரம் சம்பந்தம்! ஆகவே புதுக் கூரைக்கு என்ன சீட் வருகிறது என்பதையும் எழுத்தில் கேட்போம்.

இப்போ தனிவீட்டு லிஸ்ட். இதுதான் எல்லாருக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம். நியாயமான பயம். ஏழு பேர்ச் காணியும் சொந்த வீடும் என்பது நம்ம அப்பா தாத்தா காலத்து ஆசை. "லயத்தைத் திருத்தியாச்சு, இனி இவங்களுக்கு வீடு எதுக்கு" என்று ஒருநாள் யாராவது சொல்லமாட்டார்கள் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அதனால்தான் வாய்ப்பேச்சு போதாது என்கிறேன். இந்தக் கூரையைப் பெறுவதால் காணிக்கோ வீட்டுக்கோ உள்ள பதிவு பாதிக்கப்படாது என்று கடிதத்தில் ஒரு வரி, பதவி முத்திரையோடு வேண்டும். அந்த வரியைத் தர மறுத்தால் உங்கள் பயம் சரியென்று அர்த்தம். அப்போ மறுபடி கூடிப் பேசுவோம்.

அதற்காக வீடு வரும்வரை குளிரில் கிடப்போம் என்று சொல்லாதீர்கள். இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து 10,000 வீடு என்று அறிவித்தது 2017 மே மாசம். நானும் பஸ்ஸில் போய் நின்று கைதட்டினேன். அதில் முதல் தொகுதிக்கு அடிக்கல் நாட்டியது 2024 பெப்ரவரியில். அன்றைக்குத் தாயின் தோளில் தூங்கின குழந்தை, அடிக்கல் வைக்கும்போது பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கப் பழகியிருக்கும். வீடு வராது என்று நான் சொல்லவில்லை. வந்த இடங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏழு மார்கழி ஏழு தைக் குளிரை அந்தக் குழந்தை எந்தக் கூரைக்குக் கீழே கழித்தது?

எந்த லயத்துக்கு இந்தக் கூரை வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். மண்சரிவு ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எழுதிக் கொடுத்த லயம். 2014 ஒக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது எத்தனை மலை இறங்கினது என்றும் பார்த்தோம். அப்படிப்பட்ட இடத்தில் நிற்கிற லயத்துக்கு நல்ல கூரை போட்டால், ஆட்களும் அங்கேயே இருந்துவிடுவார்கள், அதிகாரிகளும் மறந்துவிடுவார்கள். நம்ம பத்தாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் வெடிப்புத் தெரிகிறது. அந்த லயத்து ஆட்கள் கூரைப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். அவர்களுக்கு இடம் கேட்போம். அதற்கு முழு டிவிசனும் கூட நிற்க வேண்டும். "எங்களுக்குக் கூரை வந்தாச்சு" என்று மற்ற லயங்கள் விலகிக்கொண்டால் அது பெரிய பாவம்.

மற்ற லயங்களுக்கு என் எண்ணம் என்ன என்று கேட்டால், எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன். லயம் நம்ம பேரில் இல்லை. நம்ம கைக்காசைக் கொட்டித் திருத்தினாலும் அது நமக்குச் சொந்தமாகப் போவதில்லை. அப்படியானால் அரசாங்கப் பணத்தில் திருத்துவதுதானே முறை? இதில் பிச்சை ஒன்றும் இல்லை. நாமும் சீனி வாங்கினாலும் சவர்க்காரம் வாங்கினாலும் வரி கட்டுகிறவர்கள்தான். ஆனால் எடுத்தால் லயம் முழுக்க எடுக்க வேண்டும். ஒரே கூரை, ஒரே பீலி. பாட்டியின் காம்பரா கதை திரும்ப வேண்டாம்.

பாரத்தில் மூன்று சொல்லை மட்டும் தேடிப் பாருங்கள். "மானியம்" என்றால் திருப்பிக் கட்டத் தேவையில்லை. "கடன்" என்றால் செக்ரோலில் மாசாமாசம் வெட்டுவார்கள். "பயனாளி பங்களிப்பு" என்றால் நம்ம பங்கு. காசாக இருக்கலாம், ஆள் வேலையாக இருக்கலாம், மரமும் ஆணியுமாக இருக்கலாம். நம்ம பாரத்தில் அந்த மூன்றாவது சொல் இருக்கிறது, பக்கத்தில் எவ்வளவு என்று எழுதவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கும்வரை யாரும் கையெழுத்து வைக்காதீர்கள். பாரம் தமிழில் கேளுங்கள், அது நம்ம உரிமை. வீட்டுக்காரர் பேரோடு மனைவி பேரையும் போடச் சொல்லுங்கள். வேலையை விட்டு வீட்டில் இருக்கிறவர்கள், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளின் வீடு, இவர்களையும் விட்டுவிடக் கூடாது. தோட்டத்தில் பேர் இல்லாதவர் தலையிலும் பனி விழத்தான் செய்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். லயத்துக்கு ரெண்டு பேரைத் தெரிவு செய்து தாருங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அடுப்படியில் நிற்பது அவர்கள்தானே. புகைபோக்கி, சீட் வகை, வயர், நடுச்சுவர், மரம், ஆணி, தூக்குக் கூலி, வீட்டு லிஸ்ட் எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதி புதன்கிழமை பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோவோம். துரையிடம் ஒரு பிரதியும் குடுப்போம், அவருடைய சம்மதக் கடிதம் இல்லாமல் தகரத்தில் கை வைக்க முடியாது. போகிறவர்களுக்குப் பேர் போடுவது பற்றி நான் ஒபீசில் பேசுகிறேன். பதில் வந்ததும் இதே இடத்தில் வாசித்துக் காட்டுவேன். பிறகு உங்கள் விருப்பம்.

கேள்வி இருந்தால் இப்போ கேளுங்கள். பிளேன்டீ கொதிக்கிறது, அது வரும்வரைக்கும் நேரம் இருக்கிறது. அங்கே பின்னால் கை தூக்கின அம்மா, நீங்க சொல்லுங்க.